பொலித்தீன் தடையும் எமது இல்லங்களும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

ஆண்டு விழா மேடையிலே சமயமும் தமிழும் பேசப்படுவதே வழக்கம். நாமோ இன்று சோற்றுப் பார்சல் சுற்றும் தாளையும், கடையிலே கொடுக்கும் பையையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இதற்கும் ஒரு மேடையா?" என்று பெரியவர்கள் எண்ணக்கூடும். இந்தப் பொருளை நாம் தேடிச் சென்று எடுக்கவில்லை. அதுவே எம்மைத் தேடி வந்தது. வந்த விதத்தை முதலிற் கூறிவிடுகிறோம்.

சென்ற திருவிழாவின்போது அன்னதானப் பொறுப்பு இளைஞர்களாகிய எம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. குறைவின்றிப் பரிமாறினோம், வந்தவர்கள் வாயார வாழ்த்திச் சென்றனர். மறுநாட் காலை கோயிலின் பின்புறத்தைத் துப்புரவு செய்யப் போனோம். வாழையிலைகளை மாடுகள் தின்று தீர்த்திருந்தன. எஞ்சிக் கிடந்தவை பிளாஸ்ரிக் கோப்பைகள், கரண்டிகள், லஞ்ச் சீட்டுகள், தண்ணீர்ப் போத்தல்கள். பனியில் நனைந்து கிடந்த அந்தக் குவியலை எங்கே கொண்டுபோய்ப் போடுவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் மண்ணெண்ணெய் கொண்டுவந்தார், தீ மூட்டினோம். கரும்புகை எழுந்து, காற்றோடு இறங்கி, கீழேயிருந்த லயத்துக்குள் நுழைந்தது. சற்று நேரத்தில் ஒரு மூதாட்டி படியேறி வந்தார். அவர் ஏசவில்லை. "தம்பிமாரே, நேத்து சாம்பிராணி வாசமும் எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு. இன்னைக்கு இந்தப் பொகையும் எங்க வீட்டுக்குத்தான் வருது. கைப்புள்ள கெடக்குது, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நாம் தலைகுனிந்து நின்றோம். பின்னர் சட்டம் என்ன கூறுகின்றதென்று தேடிப் படித்தபோது தலை இன்னும் தாழ்ந்தது. நாம் பந்தியிற் கொடுத்த கரண்டியும் கோப்பையும் தடை செய்யப்பட்டவை. அவற்றைத் திறந்த வெளியில் எரிப்பதும் தடை செய்யப்பட்ட செயல். புண்ணியம் தேடப் போன இடத்தில் இரண்டு குற்றங்களைச் செய்து திரும்பியிருந்தோம். அறியாமல் செய்தோம் என்பது உண்மை. ஆனால் பட்டதாரி வகுப்பிலே படிக்கும் நாமே அறியாதிருந்தோமென்றால், காலை பிரட்டுக்குப் போய் மாலை கொழுந்து நிறுத்துத் திரும்பும் எம் தாய்மாருக்கு இதையெல்லாம் யார் சொல்லியிருப்பார்கள்? ஆகவே முதலிற் சட்டத்தைப் பார்ப்போம்.

எமது நாட்டில் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழேயே இத்தடைகள் விதிக்கப்படுகின்றன. 2007 ஆம் ஆண்டிலே 20 மைக்ரோன் அல்லது அதற்குக் குறைந்த தடிப்புள்ள பொலித்தீன் தடை செய்யப்பட்டது. ஒரு மில்லிமீற்றரை 50 பங்காகப் பகுத்தால் அதில் ஒரு பங்கே 20 மைக்ரோன். அத்தனை மெல்லிய பை ஒரு முறைக்கு மேற் பயன்படாது. பொறுக்கிச் சேர்ப்பவருக்கும் அதில் இலாபமில்லை. காற்று எடுத்துச் செல்லும் வழியே அதன் வழி. தடை வந்தது; பையோ போகவில்லை.

2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, கொழும்பை அடுத்த மீத்தொட்டமுல்லையிலே குப்பை மேடு சரிந்து, அருகிலிருந்த வீடுகளைப் புதைத்தது. 30 இற்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. அந்தத் துயரத்தின் பின்னரே நாடு விழித்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 1 முதல் பொலித்தீன் லஞ்ச் சீட், கடைகளிற் கொடுக்கும் ஒருவகைப் பை, ரெஜிபோம் உணவுப் பெட்டி ஆகியவை தடை செய்யப்பட்டன. சமய, சமூக, அரசியல் விழாக்களிலே பொலித்தீன் அலங்காரம் செய்வதும், பிளாஸ்ரிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும் அன்றே தடைக்குள் வந்தன.

2021 மார்ச் 31 முதல் 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராமுக்கு மேற்படாத சிறு பைக்கற்றுகள், உணவும் மருந்தும் நீங்கலாக, தடை செய்யப்பட்டன. பிளாஸ்ரிக் தண்டுள்ள காதுக் குச்சிகளும், விவசாய மருந்துகளை அடைக்கும் சிலவகைப் போத்தல்களும் அத்துடன் சேர்ந்தன. 2023 ஒக்டோபர் 1 முதல் உறிஞ்சு குழாய், கலக்கு குச்சி, தட்டு, கோப்பை, கத்தி, கரண்டி, முள்ளுக்கரண்டி, இடியாப்பத் தட்டு, பிளாஸ்ரிக் பூமாலை ஆகியவை தடையாயின. பூமாலை என்பதைக் கோயிற் பெரியவர்கள் கவனிக்க வேண்டுகிறோம். 2025 நவம்பர் 1 முதல் கடைகள் கைபிடியுள்ள பொலித்தீன் பைகளை இலவசமாகக் கொடுக்கலாகாது. விலை குறித்து, பற்றுச்சீட்டிற் காட்டியே விற்க வேண்டும் என்று பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை பணித்தது.

இத்தனை சட்டங்களும் நல்ல நோக்கத்துடன் வந்தவையே. உலகம் 2015 ஆம் ஆண்டு வரை உற்பத்தி செய்த பிளாஸ்ரிக் ஏறத்தாழ 830 கோடித் தொன் என்றும், கழிவாகிப் போனதில் 9 சதவீதமே மீண்டும் பயனுக்கு வந்ததென்றும் அறிஞர்கள் 2017 இல் கணித்தனர். எமது நாட்டிலோ, அம்பாறைப் பகுதியின் பள்ளக்காட்டிலே குப்பை மேட்டில் பொலித்தீனைத் தின்று யானைகள் மடிந்த செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். விநாயகப் பெருமானை முதலில் வணங்கி எந்தக் காரியத்தையும் தொடங்கும் நாம் அச்செய்தியை எளிதிற் கடந்து செல்ல முடியுமா?

அத்தனை தூரம் போவானேன்? வெலிமடையிலே வாய்க்காலில் வீசும் பை எங்கே போகின்றது? உமா ஓயாவுக்குப் போகின்றது. அந்த ஆற்றை இன்று புகுல்பொலையிலே அணை கட்டித் தேக்கியிருக்கிறார்கள். 2024 ஏப்ரலிலே திறந்து வைக்கப்பட்ட உமா ஓயாத் திட்டத்தின் வழியே அந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தினூடாகச் சென்று, மின்சாரம் தந்து, வெல்லவாயாப் பக்கத்து வயல்களுக்கு இறங்குகின்றது. நாம் மேட்டிலே இருப்பவர்கள். மேட்டில் இருப்பவன் எறிவது பள்ளத்தில் இருப்பவன் முற்றத்தில் விழும். அந்த மூதாட்டி எம்மிடம் சொன்னதும் அதுவே அன்றோ?

ஆகவே தடை வேண்டுமா என்பதில் எமக்கு ஐயமில்லை, வேண்டும். இனி எழும் வினா வேறு. தடையின் பாரத்தை யார் சுமப்பது? பாவனையாளர் என்று ஒரே சொல்லாற் கூறிவிடுகிறோம். ஆனால் எல்லாப் பாவனையாளரும் ஒரே நிலையில் இருப்பவர்களல்லர்.

சிறு பைக்கற்றை எடுத்துக்கொள்வோம். 2021 மார்ச் மாதத்திலேதான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம், ஆண்டுக்கணக்கான போராட்டத்தின் பின், 1000 ரூபாவென்று வர்த்தமானியில் வெளியாயிற்று. அதே மாதத்தின் கடைசி நாளிலே சிறு பைக்கற்றின் தடையும் வந்தது. மாதச் சம்பளக்காரர் பெரிய போத்தலாக வாங்கி வைப்பார். நாட்கூலிக் குடும்பமோ அன்றன்றைய தேவைக்கு அன்றன்று வாங்குவது. பிள்ளையின் தலைக்குத் தேய்க்கும் சம்போவைச் சில ரூபாவுக்குச் சிறு பைக்கற்றாக வாங்கிய தாய்க்கு, பெரிய போத்தலின் விலை ஒரே நாளில் கையிலிருந்து போவது பெரும் பாரம். கொஞ்சங் கொஞ்சமாக வாங்குவது அவருக்கு ஆடம்பரமன்று. கையில் இருக்கும் காசின் அளவு அது. தடை விதித்தவர்கள், கடையிலே பெரிய கலனை வைத்து, வீட்டிலிருந்து கொண்டுவரும் போத்தலில் வேண்டிய அளவு ஊற்றி விற்கும் முறைக்கும் வழி செய்திருக்க வேண்டாமா? தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் எம் பாட்டன்மார் அவ்விதமே வாங்கினர்.

கடைப் பைக்கு விலை வைத்ததும் இவ்வாறே. அயர்லாந்து தேசத்திலே 2002 இல் ஒரு பைக்கு 15 சதம் வரி விதித்தார்கள். பைப் பாவனை 90 சதவீதமளவு குறைந்ததாம். விலை வைத்தால் மக்கள் பையைக் கொண்டுவருவார்கள் என்பதற்கு அது சான்று. ஆயினும் ஒரே விலை எல்லோருக்கும் ஒரே பாரமாகாது. நாம் மிஷன் பாடசாலையில் படித்த நாட்களில் ஒரு கதை கேட்டிருக்கிறோம். செல்வர் பலர் காணிக்கைப் பெட்டியிற் பெருந்தொகை போட, ஏழை விதவை ஒருத்தி இரண்டு சிறு காசு போட்டாளாம். எல்லோரிலும் அவளே அதிகம் போட்டாள் என்றார் இயேசு பெருமான். காணிக்கைக்குப் பொருந்தும் அந்தக் கணக்கு, தண்டத்துக்கும் பொருந்தும். காரில் வருபவர் ஐந்து பை வாங்கினாலும் அவருக்கு உறைக்காது. சம்பள நாளன்று மலையிலிருந்து நேரே கடைக்கு வரும் தாய் வீட்டிற் பையை மறந்துவிட்டால், அந்தச் சில ரூபாவும் அவருக்கு உறைக்கும்.

அடுத்து, சட்டத்தின் சில கோலங்கள் பாவனையாளரைத் திகைக்க வைக்கின்றன. யோகட் கோப்பைக்குத் தடையில்லை. அதை உண்ணும் பிளாஸ்ரிக் கரண்டிக்குத் தடையுண்டு. இதன் நியாயத்தை ஒரு சிறு பிள்ளை கேட்டால் நாம் என்ன விடை கூறுவது? "உக்கக்கூடியது" என்று அச்சிட்ட பைகளும் தாள்களும் வருகின்றன. அவற்றுட் சிலவகை, ஏறத்தாழ 60 பாகை வெப்பத்தில் நடத்தப்படும் பசளை நிலையங்களிலே மட்டும் செவ்வையாக உக்குபவை. வெலிமடைக் குளிரிலே, லயத்துப் பின்புறக் குழியிலே, அவை எப்போது உக்கும்? வாங்குபவர் எழுத்தை நம்புகிறார். கூடுதற் காசும் கொடுக்கிறார். அந்த எழுத்து மெய்யா என்று பார்க்க அவரிடம் கருவி ஏது?

இனி, எம் மக்களுக்கே உரிய ஒரு பெருங்குறையைக் கூறவேண்டும். பட்டணத்திலே பிளாஸ்ரிக்கை எரிக்காதே என்றால், குப்பை வண்டியிற் போடலாம். தோட்டத்திலே எரிக்காதே என்றால் எங்கே போடுவது? 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை தன் நிதியைச் செலவிட இடங்கொடாதிருந்தது. நாம் வாக்களித்துத் தெரிவு செய்த சபையே எம் லயத்துக்கு ஒரு வண்டி அனுப்பச் சட்டம் குறுக்கே நின்றது. 2018 இல் வந்த திருத்தமே அந்தக் கதவைத் திறந்தது. கதவு திறந்தபின் உள்ளே போய்க் கேட்பது எம் கடமை. கேட்டோமா? இந்த மேடையில் நின்று மன்றத்தின் சார்பில் ஒப்புக்கொள்கிறோம்: நாம் இதுவரை ஒரு கடிதமேனும் எழுதவில்லை.

இனிப் பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். "எங்கள் காலத்தில் பிளாஸ்ரிக்கா இருந்தது? வாட்டிய வாழையிலையிலே ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போகவில்லையா?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பதில் நியாயமுண்டு. ஆனால் பிளாஸ்ரிக் முழுவதும் பகையென்று கொள்வதும் பிழையாகும். மழையிலே கொழுந்து பறிக்கும் தாய் இடுப்பிற் கட்டும் படங்கும், குழாய்த் தண்ணீரைச் சேமிக்கும் தாங்கியும், மருத்துவமனையிலே ஊசி மருந்து ஏற்றும் குழலும் பிளாஸ்ரிக்கே. ஆண்டுக்கணக்கிற் பயன்படும் பொருள் வேறு; ஐந்து நிமிடம் பயன்பட்டு நூற்றாண்டுக்கணக்கிற் கிடக்கும் பொருள் வேறு. தடை பின்னதற்கே.

மேலும் ஒன்று. எறிந்துவிடும் தட்டு வந்தபோது குறைந்தது யாருடைய வேலை? பெண்களுடைய வேலை. எறியும் தட்டை நிறுத்தினால் எவராவது கழுவ வேண்டும். அந்த வேலையையும், ஒரே குழாயில் வரிசையாக நின்று தண்ணீர் பிடிக்கும் எம் தாய்மார், சகோதரிகளின் தலையிலே சுமத்திவிட்டு, "சுற்றாடலைக் காத்தோம்" என்று இளைஞர்களாகிய நாம் மார்தட்டுவது நேர்மையாகாது. அடியார்க்கு அமுதளித்துத் தொண்டு செய்தவர்களின் வரலாற்றைக் குருபூசை தோறும் கேட்கிறோம். திருநாவுக்கரசு சுவாமிகள் கையிலே உழவாரப்படை ஏந்திக் கோயில் வீதியைச் செதுக்கித் துப்புரவு செய்தார். எச்சிற் பாத்திரம் கழுவுவது ஆண்பிள்ளைக்கு இழிவு என்பவன் சைவத்தின் சாரத்தை அறியாதவன்.

எம்மைப் போன்ற மலைநாட்டவர் இதைச் செய்து காட்டியிருக்கிறார்களா? ஆம். தமிழகத்து நீலகிரி, எம் மாவட்டத்தைப் போலவே தேயிலையும் மரக்கறியும் விளையும் மலை. 1964 ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இங்கிருந்து சென்ற எம் உறவினர் பலர் அங்கேதான் குடியேறினர். அந்த மாவட்டம் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிளாஸ்ரிக் பைக்குத் தடை விதித்துவிட்டது. தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பாவித்து எறியும் 14 வகைப் பொருட்களைத் தடை செய்தது. தடை மட்டும் போதாதென்று கண்டு, 2021 டிசெம்பரிலே "மீண்டும் மஞ்சப்பை" என்ற இயக்கத்தைத் தொடங்கினர். மஞ்சட் பையை இங்குள்ள பெரியவர்கள் நன்கு அறிவீர்கள். கல்யாண வீட்டிலே தாம்பூலத்தோடு கொடுத்த பை அது. அந்தப் பையைப் பட்டிக்காட்டுப் பையென்று இடையிலே நகைத்தவர்கள் இன்று பெருமையோடு ஏந்துகிறார்கள்.

நாம் என்ன செய்யலாம்? பேசிவிட்டுக் கலைந்து போவதற்காக இங்கு வரவில்லை. ஆகவே மூன்று காரியங்களை மன்றத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, கோயிலுக்கென்று 300 எவர்சில்வர்த் தட்டுகளும் 300 கோப்பைகளும் வாங்குவோம். உறுப்பினர் ஒவ்வொருவரும் இயன்றதைத் தரட்டும். திருவிழாப் பந்திக்கு மட்டுமன்றி, லயங்களிலே நடக்கும் கல்யாணம், சடங்கு, கருமாதி ஆகியவற்றுக்கும் அவற்றை இரவலாகக் கொடுப்போம். வாடகை வேண்டாம், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கினாற் போதும். தடையினால் வரும் செலவு ஏழை வீட்டின் தலையில் விழாதிருக்க இதைவிட நேரான வழியொன்று எமக்குத் தோன்றவில்லை. பந்தி முடிந்தபின் கழுவும் முறை இளைஞர்களுடையது. அதற்கு நாளும் பெயரும் குறித்து வைப்போம்.

இரண்டாவது, தையல் பழகிய எம் சகோதரிகளுக்குக் கூலி கொடுத்துத் துணிப்பைகள் தைப்பிப்போம். தோட்டத்துக் கடைகளிலே அவை இருக்கட்டும். பை மறந்து வந்தவர் எடுத்துச் சென்று மறுமுறை திருப்பி வைக்கட்டும். சுவாமிக்குப் பிளாஸ்ரிக் மாலை வேண்டாம். லயத்து வாசலிலே பூக்கும் செவ்வந்தியை விலைகொடுத்து வாங்கிக் கட்டுவோம். அந்தக் காசு எம்மவர் கையிலேயே நிற்கும்.

மூன்றாவது, வாரம் ஒருமுறையேனும் தோட்டக் குடியிருப்புகளுக்குக் குப்பை வண்டி அனுப்பவேண்டும் என்று பிரதேச சபைக்கு விண்ணப்பம் எழுதுவோம். எழுதியதோடு நில்லாது, அயலிலுள்ள சிங்கள சகோதரர்களின் இளைஞர் சங்கங்களையும், முஸ்லிம் சகோதரர்களையும் சேர்த்துக்கொண்டு நேரிற் சென்று கேட்போம். உமா ஓயா எல்லோருக்கும் ஓடுகின்றது.

முடிக்குமுன் ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறோம். தில்லையிலே திருநீலகண்டர் என்னும் குயவர், அடியார்களுக்கு ஓடு செய்து கொடுப்பதையே தொண்டாகக் கொண்டு வாழ்ந்தார். சிவபெருமான் யோகியாராக வந்து, ஓர் ஓட்டைக் கொடுத்து, "காத்து வைத்திரு" என்றார். பல காலங் கழித்துத் திரும்பி வந்து கேட்டபோது ஓடு காணப்படவில்லை. வேறு நல்ல ஓடு தருகிறேன் என்றார் குயவர்; "நான் தந்ததையே தா" என்றார் யோகியார். ஒரு மண் ஓட்டுக்காக வழக்கு தில்லை அந்தணர் அவை வரை சென்றது. சிறு வயதிலே இக்கதையைக் கேட்டபோது, ஓர் ஓட்டுக்கு இத்தனை வழக்கா என்று நாம் வியந்ததுண்டு. இன்று அதன் பொருள் வேறுவிதமாக விளங்குகின்றது. இந்த மலையும் ஆறும் காற்றும் எமக்கு இறைவன் "காத்து வைத்திரு" என்று தந்தவை. எமக்குப் பின் வருபவர் கேட்கும்போது, அவற்றுக்கு ஈடாக வேறெதைக் கொடுக்க முடியும்?

அடுத்த திருவிழாவின் மறுநாட் காலை அந்த மூதாட்டியின் வாசலுக்குப் புகை போகலாகாது. அவரையே அழைத்து, முதற்பந்தியிலே அமர்த்தி, புதுத் தட்டிலே அன்னமிட வேண்டும் என்பது எம் ஆசை. அந்தத் தட்டுகளுக்கான நிதிப் பட்டியல் வாசலருகே மேசையில் இருக்கின்றது. முதற்பெயராக இன்று பேசியவரின் பெயர் எழுதப்பட்டுவிட்டது. இரண்டாம் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கின்றது.